ஆட்டப் பலகையும் ஆட்சி உரிமையும்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச்சாவடிக்குச் சென்று விரலில் மையிட்டுக்கொண்டு திரும்பும் பிரஜைக்கு, அந்த நாளுக்கும் அடுத்த தேர்தல் நாளுக்கும் இடையே கிடக்கும் நீண்ட காலத்தில், தன் ஊரின் விவகாரங்களைத் தீர்மானிப்பதில் என்ன பங்கு உண்டு என்னும் கேள்வி, ஜனநாயகத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களையெல்லாம் வருத்திய கேள்வியாகும். இதற்கு விடையாகத் தேசங்கள்தோறும் செய்யப்பட்டுள்ள ஏற்பாடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. மேடையில் அதிகாரிகள் அமர்ந்திருப்பார்கள், எதிரே ஜனங்கள் கூடியிருப்பார்கள், ஒலிபெருக்கி கைமாறும், பேசிப் பழகிய நாலைந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைவார்கள். இத்தகைய சபையில் ஒருவர் குறை சொல்லலாம், கோரிக்கை வைக்கலாம், நன்றியும் கூறலாம்; ஆனால் அண்டை வீட்டாருடன் சேர்ந்து ஒரு முடிவை எடுத்து, அதன் விளைவைக் கண்ணாரக் கண்டு, தவறெனத் தோன்றினால் அதை மாற்றி, மீண்டும் ஒரு முடிவை எடுக்கும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை. சுயாட்சிக்கு இன்றியமையாத அப்பயிற்சியை, மேசையொன்றைச் சுற்றி அமர்ந்து ஆடும் கூட்டு விளையாட்டு தரக்கூடும் என்பதும், அத்தகைய ஆட்டத்தின் பயன் அது எந்தச் சபையின் தீர்மானத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே நிற்கும் என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

விளையாட்டைக் காரியார்த்தமாகப் பயன்படுத்தும் வழக்கம் ராணுவத்தில் வேரூன்றியது. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரியான ரைஸ்விட்ஸ், நிலப்படத்தின்மேல் படைப்பிரிவுகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்தி யுத்தங்களை ஒத்திகை பார்க்கும் ஆட்டமொன்றை வகுத்தளிக்க, அது அந்நாட்டு அதிகாரிகளின் பயிற்சியில் நிலைத்த இடம் பெற்றது. ஆனால் அந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள் கட்டளை பிறப்பிக்கும் பதவியில் இருந்தவர்கள். கட்டளைக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

சாமானிய மக்களின் வீட்டுக் கூடத்தில் அரசியல் பொருளாதாரத்தைப் பலகையாக விரித்து வைத்தவர்களுள், எலிசபெத் மாகி என்னும் அமெரிக்கப் பெண்மணிக்கு விசேஷமான இடம் உண்டு. சுருக்கெழுத்தாளராக ஜீவனம் நடத்திய அவர், நிலத்தின் மதிப்பு சமுதாயத்தால் உண்டாவதாகையால் வரி நிலத்தின்மீதே விதிக்கப்படவேண்டும் என்று வாதித்த ஹென்ரி ஜார்ஜின் கொள்கையில் பற்றுக்கொண்டவர். அக்கொள்கையைப் பிரசங்கத்தால் பரப்புவதினும் அனுபவத்தால் உணர்த்துவது மேல் என்று கருதி, நிலக்கிழார் ஆட்டம் என்ற பொருள்படும் பெயருடைய பலகை விளையாட்டொன்றை உருவாக்கி, 1904 ஜனவரியில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவ்வாட்டத்தின் சிறப்பு, ஒரே பலகைக்கு இருவகை விதிகள் ஏற்பட்டதில் இருக்கிறது. ஒரு வகையில் ஆடினால், நிலத்தை வளைத்துப் போட்டவர் வாடகை வாங்கி வாங்கி மற்றவர்களைப் போண்டியாக்கி வெல்வார். மற்றொரு வகையில், ஒருவர் சம்பாதிக்கும்தோறும் எல்லோருக்கும் பங்கு சேரும். தொடக்கத்தில் யாரிடம் மிகக் குறைந்த பணம் இருந்ததோ அவருடைய பணம் இரட்டிப்பாகும்போது ஆட்டம் முடிந்து அனைவரும் வென்றவர்களாவார்கள். பலகையும் அதுவே, காய்களும் அவையே, ஆடுபவர்களும் அவர்களே. விதி மாறியதும் உறவு மாறுகிறது, ஆடுபவர்களின் சுபாவமே மாறியதுபோல் தோன்றுகிறது. சட்டம் என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று, மனிதர் வகுத்தது, ஆகவே மனிதரால் மாற்றத்தக்கது என்னும் குடியரசுத் தத்துவத்தை இதைவிடத் தெளிவாகப் போதித்த சாதனம் வேறொன்றை நான் அறியேன்.

அதன் பின்கதை துயரமானது. கைமாறிக் கைமாறிப் பரவிய அவ்வாட்டம், சார்லஸ் டாரோ என்பவரின் பெயரால் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனியை அடைந்து, 1935-ல் மோனோபொலி என்று வெளிவந்தது. மாகியின் பிற்காலக் காப்புரிமையை அக்கம்பெனி 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. நம் நாட்டுப் பிள்ளைகள் பிசினஸ் என்று சொல்லி ஆடும் ஆட்டமும் அந்த வழியில் வந்ததே. உலகெங்கும் பரவியது பிறரைப் போண்டியாக்கும் விதி. அனைவரும் வெல்லும் விதி மறக்கப்பட்டது.

நகர நிர்வாகத்துக்குள் ஆட்டத்தைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ரிச்சர்ட் டியூக் ஒருவர். 1964-ல், மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரை ஆதாரமாகக் கொண்டு அவர் அமைத்த மெட்ரோபோலிஸ் என்னும் ஆட்டத்தில், அரசியல்வாதி, நகரத் திட்ட நிபுணர், நில வியாபாரி ஆகியோரின் வேடங்களை ஏற்று ஆடியவர்கள், நகரத்தின் பொதுப்பணிகளுள் எதை முன்னே செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று போராடினார்கள். நகரத்தின் பிரச்சினைகள் ஒன்றோடொன்று சிக்குண்டு கிடப்பவையாதலால், ஒருவர் பேசி மற்றவர் கேட்கும் முறையில் அவற்றை விளக்கவே இயலாது. எல்லோர் கண்முன்னும் ஒரே சித்திரம் இருக்க, பலரும் ஏககாலத்தில் பேசத்தக்க முறை வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். விளையாட்டே எதிர்காலத்தின் மொழி என்று 1974-ல் வெளியிட்ட தம் நூலுக்கு அவர் பெயர் வைத்ததும் அந்த நம்பிக்கையால்தான்.

இனி, கூட்டு ஆட்டத்தின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நம் பரமபதத்தில் ஏணியும் பாம்பும் தாயத்தின் வசம். ஆடுபவர் தீர்மானிக்க அதில் ஏதுமில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் தீர்மானம் உண்டு, ஆனால் எதிரியும் உண்டு. கூட்டு ஆட்டத்திலோ எதிரி பலகைக்குள் இருக்கிறான். சுற்றியிருப்பவர் அனைவரும் ஒரே கட்சி. வென்றால் எல்லோரும் வெல்வர், தோற்றால் எல்லோரும் தோற்பர். 2008-ல் மாட் லீகாக் வெளியிட்ட பாண்டமிக் இவ்வகையில் பிரசித்தி பெற்றது. உலகப்படத்தின்மீது பரவும் நான்கு நோய்களை, வைத்தியர், விஞ்ஞானி முதலிய வெவ்வேறு திறமையுள்ளவர்களாக வேடமேற்றவர்கள் கூடி யோசித்து அடக்கவேண்டும். ஆனால் இதை ஆடிப் பழகியவர்கள் அனைவரும் ஒரு குறையை அறிவார்கள். கூட்டத்தில் கைதேர்ந்தவர் ஒருவர் இருந்துவிட்டால், நீ இங்கே போ, நீ அதைச் செய் என்று அவரே அனைவருக்கும் உத்தரவிடத் தொடங்குவார். மற்றவர்கள் காய் நகர்த்தும் கைகளாக மட்டும் எஞ்சுவார்கள். ஆட்டத்தில் வெற்றி கிட்டும். கூட்டு முயற்சி மட்டும் செத்துப்போகும். ஊராட்சியிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், நல்லெண்ணமுள்ள தொண்டு ஸ்தாபனங்களிலும் நடப்பது பல சமயங்களில் இதுவேயல்லவா? நிபுணரின் யோசனை சரியாகவே இருக்கலாம். அது சரியாக இருப்பதனாலேயே மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் ஆபத்து.

இதற்கு ஆட்ட நிர்மாணிகள் கண்ட பரிகாரம் அரசியல் சாஸ்திரம் பயில்வோர் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுக்காரரான அந்துவான் பௌசா இயற்றி, 2013-ல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த ஆட்டத்துக்கான விருதைப் பெற்ற ஹனாபி என்னும் சீட்டாட்டத்தில், ஒவ்வொருவரும் தம் சீட்டுகளைப் பிறர் பார்க்கும்படி வெளிநோக்கிப் பிடிக்கவேண்டும். தம் கையில் இருப்பது தமக்குத் தெரியாது, எதிரிலிருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களும் குறிப்பிட்ட அளவுக்குமேல் சொல்லக் கூடாது. எவ்வளவு கெட்டிக்காரரானாலும் பிறர் தரும் குறிப்பின்றி ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. அறிவு பங்கிடப்பட்டிருக்கும் இடத்தில் அதிகாரமும் பங்கிடப்பட்டே ஆகவேண்டும் என்பது இங்கே விதியாகவே அமைந்துவிடுகிறது. பிரஜைகளுக்காக ஆட்டம் வகுப்போர், பலகையின் அலங்காரத்தைவிட இந்த நுணுக்கத்துக்கே அதிகக் கவனம் செலுத்தவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இக்கருத்துக்களெல்லாம் மண்ணில் கால் ஊன்றி நின்ற இடத்தைக் காண நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் கடும்பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில்தான் தங்குகிறது. ஒருவர் போர் போட்டு இறைத்தால் பக்கத்துக் கொல்லைக்காரரின் கிணறு வற்றுகிறது. தன் நிலத்தின்கீழ் உள்ள நீர் தன்னுடையதே என்னும் உரிமை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் காலத்திலிருந்து நிலவுவது. 2002-ல் அம்மாநிலம் நீர், நிலம், மரங்கள் பற்றி ஒரு சட்டம் இயற்றியதெனினும், லட்சக்கணக்கான கிணறுகளை அதிகாரிகளைக் கொண்டு கண்காணிப்பது எளிதன்று. 2004 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தது. கண்ணுக்குத் தெரியாத பொதுச்சொத்தை, ஒவ்வொருவரும் சொந்தச் சொத்தென்று கருதி இறைக்கும் நிலையில், ஊரார் கூடி ஒரு கட்டுப்பாட்டுக்கு உடன்படுவதைத் தவிர வேறு வழி எஞ்சவில்லை.

இந்நிலையில் சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ரூத் மெய்ன்சென்-டிக், இத்தகைய பரிசோதனை ஆட்டங்களில் வல்லவரான மார்க்கோ யான்சென் முதலிய ஆராய்ச்சியாளர்கள், அப்பகுதியில் நெடுநாளாகப் பணிசெய்துவந்த இரு தொண்டு ஸ்தாபனங்களின் துணையுடன், 2013-லும் அதற்கடுத்த ஆண்டிலும் கிராமங்களில் ஓர் ஆட்டத்தை நடத்தினார்கள். ஆட்டம் எளியது. ஐவர் ஒரு குழு. ஒவ்வொரு சுற்றும் ஒரு பருவம். ஒவ்வொருவரும் இரு பயிர்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்: ஒன்று குறைந்த நீர் குடித்துக் குறைந்த வருமானம் தருவது, மற்றொன்று மிகுந்த நீர் குடித்து மிகுந்த வருமானம் தருவது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மழையால் ஊறிய நீர் எவ்வளவு, ஐவரும் இறைத்தது எவ்வளவு, நிலத்தடியில் எஞ்சியது எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டப்படும். முதலில் பேசாமல் ஆடவேண்டும். பின்னர் கலந்து பேசி ஆடலாம். ஆட்டம் முடிந்தபின் ஊரைக் கூட்டி, அதில் நடந்ததைப் பற்றி விவாதிப்பார்கள்.

வெளிவந்த முடிவுகள் ஊன்றிப் படிக்கத்தக்கவை. பயிர்த் தேர்வுக்கும் நீர் வற்றுவதற்கும் உள்ள சம்பந்தம் பிரத்தியட்சமாகத் தெரிந்ததும், விவசாயிகள் ஒத்துழைத்துத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள முன்வந்தார்கள். ஆட்டத்தில் ஈட்டியதற்கேற்பக் கையில் பணம் கொடுத்தபோதும் அவர்களுடைய நடத்தை மாறவில்லை. ஆண்கள், பெண்கள் என்ற வேறுபாடும் காணப்படவில்லை. முதலாண்டில், படித்தவர்களும், தம் ஊராரிடம் ஒற்றுமை உண்டென்று நம்பியவர்களும் அதிகமாக ஒத்துழைத்தார்கள். சிறிது திருத்தப்பட்ட ஆட்டத்தை மறு ஆண்டு அதே ஊர்களில் ஆடியபோதோ ஒத்துழைப்பு பெருகியது. கல்வி, பரஸ்பர நம்பிக்கை முதலியவற்றால் விளைந்த வேறுபாடுகள் அதன்முன் சிறுத்துப்போயின. ஆட்டத்தைத் திருத்தியதும் இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதை ஆராய்ச்சியாளர்களே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் நுட்பமானது, பேச்சைப் பற்றிய முடிவு. பொதுச்சொத்தைப் பங்காளிகளே கட்டிக்காக்க முடியும் என்று காட்டி 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமும் அவருடைய சகாக்களும், கூடிப் பேசும் வாய்ப்பு மட்டுமே ஒத்துழைப்பைப் பெரிதும் வளர்க்கிறது என்று சோதனைச்சாலைகளில் கண்டிருந்தார்கள். ஆந்திரக் கிராமங்களில், கலந்து பேசியதால் குழுக்கள் நிலைத்த நீரளவை எட்டும் வாய்ப்பு முதலாண்டில் கூடவில்லை, இரண்டாமாண்டில் கூடியது. நான் இதை இவ்வாறு பொருள் கொள்கிறேன்: பொதுவான அனுபவம் ஒன்று இல்லாத இடத்தில் பேச்சு வெறும் சொல்லாக முடிகிறது, ஒருமுறை கூடி ஆடி, கூடித் தோற்று, ஓராண்டு அதை மனத்தில் சுமந்தவர்கள் பேசும்போது, சொல்லுக்குக் கீழே பொருள் இருக்கிறது. கிராம சபையில் பேச்சு ஏன் பயனற்றுப் போகிறது என்று அங்கலாய்ப்பவர்கள், பேசுவதற்கு முன் அச்சபையினர் சேர்ந்து எதையேனும் செய்து பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்வது நலம்.

ஆட்டம் பலகையோடு நின்றுவிடவில்லை என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். அதே ஸ்தாபனங்களின் நீர்த்திட்டத்தில் சேர்ந்திருந்தும் ஆட்டம் ஆடாத ஊர்களோடு ஒப்பிட, ஆடிய ஊர்களில் கணிசமான அளவு அதிக விகிதத்தில் நீர்ப் பதிவேடுகள் ஏற்பட்டன. நிலத்தடி நீரைப் பயன்படுத்துவதற்கு விதிகளும் வகுக்கப்பட்டன. ஆட்டத்தினால் மட்டும் நீர்மட்டம் உயர்ந்துவிடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மழையும் சந்தையும் மின்சாரக் கொள்கையும் அதை நிர்ணயிக்கின்றன. எனினும், ஊரார் தாமே விதி வகுத்துத் தாமே பதிவேடு எழுதத் தொடங்குவது, எந்த அளவுகோலால் பார்த்தாலும், சுயாட்சியாகும்.

பூடான் தேசத்தில் லிங்முதேச்சு என்னும் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நடந்ததையும் இங்கே சுருக்கமாகச் சொல்லவேண்டும். மேல்மடை ஊராகிய லிம்புகா, பூடானியப் பஞ்சாங்கத்தின் ஐந்தாம் மாதத்தில்தான் கீழ்மடை ஊராகிய தொம்போலாவுக்கு நீர் விடும் என்பது அங்கே பழைய வழக்கம். நாற்று நடும் பருவம் தவறுகிறதென்று கீழூரார் நெடுங்காலம் மனத்தாங்கல் கொண்டிருந்தார்கள். 2003 முதல் ஆராய்ச்சியாளர்கள் இரு ஊராரையும் கூட்டி, நீர்ப் பங்கீட்டையே ஓர் ஆட்டமாக்கி ஆடவைத்தார்கள். ஒரு கட்டத்தில் வேடங்கள் மாற்றப்பட்டன: மேலூரார் கீழூராராகவும், கீழூரார் மேலூராராகவும் ஆடினார்கள். மடையின் மறுபக்கத்தில் நின்று தண்ணீருக்காகக் காத்திருப்பதன் வேதனை எத்தகையது என்பதை, எந்த உபதேசத்தாலும் உணர்த்த முடியாதவர்களுக்கு, அது உணர்த்தியிருக்கவேண்டும். இம்முயற்சியின் முடிவில் உடன்பாடும், நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் கூட்டாக நிர்வகிக்கும் அமைப்பொன்றும் உருவாயின.

நகரங்களுள் ஹெல்சிங்கியின் உதாரணம் தனித்தன்மை வாய்ந்தது. காரணம், அங்கே முதலில் ஆடியவர்கள் பிரஜைகள் அல்லர், அதிகாரிகள். 2017-ல் அந்நகரத்தின் நிர்வாக முறை மாற்றியமைக்கப்பட்டு, குடிமக்களின் பங்கேற்பு ஒவ்வொரு துறைக்கும் உரிய கடமை என்றானபோது, அதன் பொருள் என்ன என்பதே பல ஊழியர்களுக்கு விளங்கவில்லை. ஹெல்லோன் என்னும் வடிவமைப்பு நிறுவனத்தின் உதவியுடன் ஒரு பலகை ஆட்டம் தயாராயிற்று. ஊழியர்கள் அதைச் சுற்றியமர்ந்து, தம் துறையின் வேலைகளில் எங்கெங்கே பொதுஜனங்களைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்று யோசித்தார்கள். பங்கேற்பைப் பற்றிய பிரசங்கங்களெல்லாம் மக்களை நோக்கியே நிகழ்த்தப்பட்டுவரும் உலகில், கற்கவேண்டியவர்கள் மேசைக்கு அப்பால் இருப்பவர்களே என்று கண்டுகொண்ட அந்நகரம் போற்றத்தக்கது.

அதைத் தொடர்ந்து 2018-ல் ஓமாஸ்டாடி என்னும் திட்டம் பிறந்தது. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் 1989-ல் தோன்றிய மக்கள் பங்கேற்பு வரவுசெலவு முறையைப் பின்பற்றி, நகரத்தின் பணத்தில் 44 லட்சம் யூரோ மக்களின் யோசனைப்படி செலவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 12 வயது நிரம்பியவர்களுக்கும் வாக்குரிமை தரப்பட்டது. யோசனையைத் தனியாக எழுதிப் போடுவதோடு நில்லாமல், அண்டை அயலார் கூடி அதை உருவாக்கிச் செப்பனிடச் சீட்டுகள் கொண்ட ஆட்டமொன்றும் வழங்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. ஏறத்தாழ 50,000 பேர் வாக்களித்தார்கள். அடுத்த சுற்றில் தொகை 88 லட்சம் யூரோவாக உயர்ந்தது. அப்போது ஏறக்குறைய ஆறரை லட்சம் ஜனத்தொகை கொண்டிருந்த நகரத்தில் அந்த வாக்கு எண்ணிக்கை சிறியதே என்று ஆக்ஷேபிப்பவர்கள் உண்டு. அது நியாயமான ஆக்ஷேபம். ஆயினும் இங்கே ஆட்டத்தின் முடிவில் மெய்யான பணம் இருந்தது. பூங்காவும் பெஞ்சும் பாதையும் எழுந்தன.

இவ்விடத்தில், 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் எழுதிய பிரசித்தமான கட்டுரை நினைவுக்கு வருகிறது. பிரஜைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளுள்ள ஏணியாக அவர் வகுத்தார். அடிப்படிகளில் மக்கள் சூழ்ச்சியாகக் கையாளப்படுகிறார்கள். நடுப்படிகளில் அவர்களுக்குத் தகவல் சொல்லப்படுகிறது, அபிப்பிராயம் கேட்கப்படுகிறது. உச்சிப்படிகளில்தான் அதிகாரம் அவர்கள் கைக்கு வருகிறது. விளையாட்டைக் கையில் எடுக்கும் அரசாங்கங்கள் இந்த ஏணியில் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று சோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டவை. ஏனெனில் விளையாட்டு இனிமையானது; இனிமையான சாதனம், கசப்பான உண்மையை மறைக்கவும் பயன்படும். அணை கட்டுவதென்று முடிவாகிவிட்ட ஊரில், இடம்பெயரப் போகிறவர்களைக் கூட்டிப் புது ஊரின் வீதிகளைப் பலகையில் அமைக்கச் சொல்வது பங்கேற்பாகாது. அணை வேண்டுமா என்னும் கேள்வி பலகையில் இல்லையென்றால், அந்த ஆட்டம் ஏணியின் அடிப்படியில்தான் இருக்கிறது.

விதிகளை வகுப்பவர் யார் என்பதும் இதே கேள்வியின் மறுமுகம். மாகியின் பலகை காட்டியதுபோல, விதியில்தான் நீதி ஒளிந்திருக்கிறது. நிலத்தடி நீர் ஆட்டத்தில் ஐவரும் சமமான நிலமும் சமமான கிணறும் உடையவர்களாகத் தொடங்குகிறார்கள். மெய்யான ஊரில் அப்படியில்லை. பத்து ஏக்கரும் மூன்று போரும் உள்ளவரும், கிணறே இல்லாத கூலிக்காரரும், குடிநீர்க் குடத்துடன் நிற்கும் பெண்ணும், ஊர்க்கோடியில் தள்ளி வைக்கப்பட்ட தெருவாரும் அந்த மேசையில் எந்த விதியால் இடம் பெறுகிறார்கள் என்று கேட்கவேண்டும். ஆட்டத்தை ஆடிப் பார்த்த ஊரார், இந்த விதி எங்கள் ஊருக்குப் பொருந்தாது, இப்படி மாற்றுங்கள் என்று சொல்லும் உரிமையைப் பெற்றிருக்கவேண்டும். அவர்கள் விதியைத் திருத்தத் தொடங்கும் அந்தக் கணத்திலேதான் ஆட்டம் அரசியலாகிறது என்று நான் கருதுகிறேன்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆந்திரத்தில் கண்ட அதே கடும்பாறையின்மேல் அமைந்தது. நிலத்தடி நீரை முறைப்படுத்த இங்கே 2003-ல் இயற்றப்பட்ட சட்டம், நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்து செய்யப்பட்டது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலக நீர் நாள். அந்நாளுக்கு முன்னதாக, ஊருக்கு ஊர் விவசாயிகளையும் பெண்களையும் கூலியாட்களையும் ஐவர் ஐவராக உட்காரவைத்து இந்த ஆட்டத்தை ஆடச் செய்யுமாறு ஊராட்சித் தலைவர்களையும் தொண்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஓர் அட்டை, சில காய்கள், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர், ஒரு பிற்பகல் ஆகியவை போதும். ஆனால் அன்று மேசையில் உருவான யோசனைகளை வரிக்கு வரி கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, அடுத்த கூட்டத்தில் அவை என்னவாயின என்று ஊராருக்குப் பதில் சொல்லும் துணிவு இல்லாதவர்கள், தயவுசெய்து மக்களை ஆடக் கூப்பிடவேண்டாம்.